திறக்கும் கையும் தளரும் காந்தமும்

பழம்பொருள்களைப் பற்றிய பேச்சு எழுந்தால், "அந்தக் காலத்துச் சாமான் போல் இனி வருமா" என்ற வாக்கியம் யார் வாயிலிருந்தாவது வந்துவிடும். தையல் இயந்திரம், வால்வு ரேடியோ, சாவி கொடுக்கும் கைக்கடிகாரம் என எதை எடுத்தாலும் இதே பாராட்டுத்தான். பிரிட்டனில் 1930களின் இறுதியிலிருந்து 1960கள் வரை விற்பனையான மின்சாரப் பொம்மை ரயில் எஞ்சின்களும் இந்தப் பாராட்டுக்கு உரியவையாகிவிட்டன. அரை நூற்றாண்டுக்கு மேல் பரணில் கிடந்த எஞ்சினைத் தூசி தட்டித் தண்டவாளத்தில் வைத்தவுடன் அது ஓடிற்று என்று சேகரிப்பாளர்கள் வியந்து சொல்வதில் பொய் ஏதுமில்லை. ஆனால், அந்த உண்மையிலிருந்து "அக்காலத்து மோட்டார் நம்பகமானது" என்ற முடிவுக்குத் தாவும்போது இடையில் பல படிகள் விடுபட்டுப் போகின்றன. அப்படி விடுபட்ட படிகளில்தான் இந்தச் சின்னஞ்சிறு இயந்திரங்களின் சுவையான கதை இருக்கிறது.

முதலில் பொருளைச் சற்றுக் கிட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். லிவர்பூல் நகரின் பின்ஸ் சாலைத் தொழிற்சாலையிலிருந்து மெக்கானோ நிறுவனம் 1938ஆம் ஆண்டு 'ஹார்ன்பி டப்ளோ' ரயில்களை வெளியிட்டது. நிறுவனர் ஃபிராங்க் ஹார்ன்பி அவற்றைக் காணவில்லை. 1936இலேயே அவர் மறைந்துவிட்டார். உண்மையான ரயிலின் ஓர் அடி, இப்பொம்மையில் நான்கு மில்லிமீட்டராகச் சுருங்கிற்று. தண்டவாள இடைவெளி 16.5 மில்லிமீட்டர். சாப்பாட்டு மேசையின்மேல் விரித்துவிடக்கூடிய அந்த ரயிலை 12 வோல்ட் நேர்மின்னோட்டம் இழுத்தது. போர் வந்து உற்பத்தியைத் தடுத்தது. போருக்குப் பின் மீண்டும் தொடங்கியது. 1950களில் லைன்ஸ் சகோதரர்கள் நிறுவனத்தின் 'டிரை-ஆங்' ரயில்கள் மார்கேட் நகரிலிருந்து, விலை மலிவாக, பிளாஸ்டிக் உடலோடு போட்டிக்கு வந்தன. 1964இல் லைன்ஸ் நிறுவனம் மெக்கானோவையே விலைக்கு வாங்கிற்று. இரு குடும்பத்து எஞ்சின்களும் இன்று ஒரே மேசையில் பழுதுபார்ப்புக்கு வந்து கிடக்கின்றன.

உடலைக் கழற்றினால் உள்ளே இருப்பது உண்மையான மோட்டார்: ஒரு நிலைக்காந்தம்; அதன் இரு துருவங்களுக்கு இடையே சுழலும், மூன்று கைகளில் கம்பி சுற்றிய ஆர்மேச்சர்; அதே அச்சில் மூன்று செப்புத் துண்டுகளாகப் பிளவுபட்ட கம்யூட்டேட்டர்; அதன்மேல் அழுந்தி மின்சாரம் ஊட்டும் இரண்டு பிரஷ்கள். டிரை-ஆங் நிறுவனத்தின் 'எக்ஸ்-04' மோட்டாரில் இவை அத்தனையும் வெட்ட வெளியில் நிற்கின்றன. மூடியோ உறையோ கிடையாது. கொண்டை ஊசி போல் வளைந்த ஒரே கம்பி வில், இரண்டு பிரஷ்களையும் இருபுறமிருந்தும் அழுத்திப் பிடிக்கிறது. அந்த வில்லின் ஒரு காலில் மட்டும் மின்காப்புக்காக மெல்லிய குழல் ஒன்று மாட்டியிருக்கும். குழல் நழுவிவிட்டால் மின்சாரம் ஆர்மேச்சருக்குள் நுழையாமல் வில்லின் வழியாகவே குறுக்கே ஓடிவிடும், எஞ்சின் அசையாது. "மோட்டார் செத்துவிட்டது" என்று ஒதுக்கி வைக்கப்பட்ட எஞ்சினுக்கு வேண்டியது சில நேரங்களில் அரிசியளவு குழல் ஒன்றுதான்.

இங்கேதான் சொல் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. பொறியியலில் நம்பகம் என்பது, குறிப்பிட்ட சூழலில், குறிப்பிட்ட காலத்துக்கு, ஒரு பொருள் தன் வேலையைப் பழுதின்றிச் செய்யும் நிகழ்தகவு. பழுதான பிறகு எவ்வளவு எளிதாக அதை எழுப்ப முடியும் என்பது வேறு பண்பு. அதற்கு வேறு பெயர், வேறு கணக்கு. பழைய ரயில் மோட்டார்கள் முதற்பண்பில் அப்படியொன்றும் சிறந்தவையல்ல. எண்ணெய் இறுகும், தாங்கியில் இருந்து வழிந்த எண்ணெய் கம்யூட்டேட்டரை அடைந்து, பிரஷ்ஷிலிருந்து உதிரும் கரித்தூளோடு குழைந்து, செப்புத் துண்டுகளின் இடைப்பிளவுகளை அடைத்துவிடும். கரி மின்கடத்தி; ஆகவே அந்தப் பிளவுகள் அடைபட்டால் சுருளுக்குச் செல்ல வேண்டிய மின்சாரம் பக்கவாட்டில் கசியும். சில மணி நேர ஓட்டத்துக்கு ஒரு முறை துடைத்தாக வேண்டிய இயந்திரத்தை, கண்டிப்பான பொருளில், நம்பகமானது என்று எப்படிச் சொல்வது? ஆனால், இரண்டாம் பண்பில் அவை அசாத்தியமானவை. திருப்புளியும் பல்குத்தும் குச்சியும் ஒரு துளி ஸ்பிரிட்டும் இருந்தால் பள்ளிச் சிறுவன் அவற்றை எழுப்பிவிடுவான். இன்றைய மாதிரி ரயில்களில் வரும் மூடிய குப்பி மோட்டார்கள் அமைதியானவை, குறைந்த மின்சாரம் குடிப்பவை, ஆண்டுக்கணக்கில் தொந்தரவு தராதவை. நின்றுபோனால் மட்டும் குப்பையில் போட்டுவிட்டு வேறு வாங்க வேண்டும். அதே அளவில் வேறு கிடைத்தால்.

பழுதைக் கண்டறியும் முறையிலும் அந்தத் திறந்த தன்மையின் அழகு தெரிகிறது. ஆர்மேச்சரின் மூன்று சுருள்களும் முக்கோணமாக இணைந்து, கம்யூட்டேட்டரின் மூன்று துண்டுகளில் முடிகின்றன. பிரஷ்களை விலக்கிவிட்டு, மின்தடை அளக்கும் மீட்டரால் இரண்டிரண்டு துண்டுகளாகத் தொட்டால் மூன்று அளவுகள் கிடைக்கும். மூன்றும் சமமென்றால் சுருள்களில் குறையில்லை. ஒன்று மற்ற இரண்டைப் போல் இருமடங்காக இருந்தால், அந்த இரு துண்டுகளுக்கிடையிலான சுருள் அறுந்திருக்கிறது. ஒன்று ஏறக்குறையச் சுழியமாகவும் மற்ற இரண்டும் தம்முள் சமமாகவும் இருந்தால், அந்தச் சுருள் குறுக்குச்சுற்றாகிவிட்டது. பள்ளி இறுதி வகுப்பில் படிக்கும் இணைச்சுற்று, தொடர்ச்சுற்றுக் கணக்குக்கு இதைவிட நல்ல செய்முறை கிடைப்பது அரிது. இயற்பியல் ஆசிரியர்கள் யாரேனும் இதைப் படித்தால், பழைய பொம்மை ஒன்றை ஆய்வகத்துக்குள் கொண்டுவருவது பற்றி யோசிக்கலாம்.

இவ்வளவு வெளிப்படையான இயந்திரத்திலும் வெளியே தெரியாமல் தளரும் உறுப்பு ஒன்று உண்டு. அது காந்தம். பிரஷ் தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். கம்பி கருகினால் மூக்குக்குத் தெரியும். காந்தம் தளர்ந்தால் எதுவும் தெரியாது. இன்னும் மோசம்: தவறான நல்ல சேதி ஒன்று தெரியும். தளர்ந்த காந்தமுள்ள எஞ்சின், பெட்டிகள் ஏதும் இணைக்காமல் தனியே ஓட்டினால், முன்னைவிட வேகமாக ஓடும்.

காரணம் எளிமையானது. காந்தப்புலத்துக்குள் சுழலும் சுருள் மோட்டாராக மட்டுமல்லாமல் ஒரு சிறு மின்னாக்கியாகவும் செயல்படுகிறது. அது உண்டாக்கும் எதிர் மின்னியக்கு விசை, வெளியிலிருந்து ஊட்டும் 12 வோல்ட்டுக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடே சுருளில் மின்சாரத்தைச் செலுத்துகிறது. காந்தப்புலம் குன்றினால் அதே எதிர்விசையை உண்டாக்க மோட்டார் கூடுதல் வேகத்தில் சுழல வேண்டும், சுமையில்லாதபோது சுழல்கிறது. சுமை ஏறியவுடன் கதை மாறுகிறது. ஓர் ஆம்பியருக்குக் கிடைக்கும் திருப்புவிசை குறைந்துவிட்டதால், நான்கு பெட்டிகளை இழுக்க மோட்டார் மேன்மேலும் மின்சாரத்தைக் கேட்கிறது. நல்ல நிலையில் அரை ஆம்பியர் அளவில் ஓடிய எஞ்சின் ஓர் ஆம்பியரைத் தொடுகிறது. கூடுதல் மின்சாரம் முழுவதும் வெப்பம். வெப்பத்தில் சுருள்கம்பியின் மேற்பூச்சு கருகுகிறது. பூச்சு போனால் சுற்றோடு சுற்று ஒட்டுகிறது. மீட்டரில் அந்த ஏறக்குறையச் சுழியம் தோன்றுகிறது. கடைசியில் "ஆர்மேச்சர் கருகிவிட்டது" என்று பழி ஆர்மேச்சர்மேல் விழுகிறது. உண்மையில் அது தளர்ந்த காந்தத்தின் வேலையையும் சேர்த்துச் செய்து மாண்டது. ஆகவே பழைய எஞ்சினைச் சோதிப்பவர் வேகத்தைப் பார்த்து மகிழ்வதைவிட, மின்சுற்றில் ஓர் அம்மீட்டரைக் கோத்து, சுமையோடு ஓட்டிப் பார்ப்பதே முறை.

அப்படியானால் காந்தம் ஏன் தளர்கிறது? வயதாகிவிட்டதால் என்று சொல்லிவிடத் தோன்றும். பெரும்பாலும் அது சரியல்ல. தொடக்ககால டப்ளோ எஞ்சின்களில் குதிரைலாட வடிவக் காந்தம் இருந்தது. பின்னர் அல்னிகோ எனப்படும் கலவையாலான கட்டிக் காந்தம் அதன் இடத்துக்கு வந்தது. இரும்போடு அலுமினியம், நிக்கல், கோபால்ட் சேர்ந்த கலவை அது. இந்தக் குடும்பத்துக்கு வித்திட்டவர் ஜப்பானிய உலோகவியலாளர் தோகுஷிச்சி மிஷிமா, ஆண்டு 1931. அல்னிகோவுக்கு வெப்பம் பொறுக்கும். காலமும் பெரிதாகத் தின்னாது. ஆனால், அதற்கு ஒரு குணம்: தன் காந்தப்பாதை மூடியிருக்கும்வரைதான் முழு வலிமையோடு இருக்கும். காந்தத்திலிருந்து துருவத் தகட்டுக்கும், அங்கிருந்து நடுவிலுள்ள ஆர்மேச்சரின் இரும்புக்கும், மறுபுறத் தகடு வழியாக மீண்டும் காந்தத்துக்கும் செல்லும் வட்டம் அது. நடுவிலுள்ள ஆர்மேச்சரை உருவிவிட்டால் அந்த இடத்தில் காற்று நிரம்புகிறது, வட்டம் அறுகிறது, அல்னிகோ தன் வலிமையில் ஒரு பகுதியைத் தானே இழக்கிறது. ஆர்மேச்சரைத் திரும்பப் பொருத்தினாலும் இழந்தது திரும்புவதில்லை. இது பலமுறை நடக்க வேண்டியதில்லை. பேரிழப்பு முதல் முறையிலேயே நிகழ்ந்துவிடுகிறது.

எஞ்சினைத் திறக்காமல் பரணில் எறிந்துவிட்ட சோம்பேறிப் பையனின் மோட்டாரில் காந்தம் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கக்கூடும். மாதந்தோறும் ஆர்மேச்சரை வெளியே எடுத்துத் துடைத்து, எண்ணெயிட்டு, பெட்டியில் தாள் சுற்றி வைத்த பொறுப்பான பையனின் எஞ்சினோ தளர்ந்திருக்கும். வெளியே பெயிண்ட் மின்னும்; உள்ளே வலு இராது. காந்தத்தைப் பிரிக்க வேண்டியிருந்தால் துருவங்களுக்கு இடையே ஓர் இரும்புத் துண்டை முன்னதாகவே வைத்து, வட்டம் அறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை பழுதுபார்ப்போர் நடுவே நெடுங்காலமாக வழங்கி வருகிறது. எல்லா வீடுகளுக்கும் அது போய்ச் சேர்ந்திருக்க வாய்ப்பில்லை. எளிதில் திறக்க முடியும் என்பதே இந்த மோட்டாரின் பெருமை என்று சற்று முன் சொன்னதோடு இதைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

ஜெர்மனியின் கோப்பிங்கன் நகரத்து மெர்க்லின் நிறுவனம் இந்தச் சிக்கலுக்குள்ளேயே நுழையவில்லை. அதன் பழைய எஞ்சின்கள் மாறுமின்னோட்டத்தில் ஓடியவை; அவற்றில் நிலைக்காந்தம் கிடையாது; புலத்தையும் கம்பிச்சுருளே உண்டாக்கிற்று. இல்லாத காந்தம் தளர முடியாது. ஆனால், காந்தமில்லாவிட்டால் மின்திசையை மாற்றி எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டவும் முடியாது. அதற்காக எஞ்சினுக்குள் ஒரு சிறு ரிலே. 24 வோல்ட் துடிப்பு ஒன்றை அனுப்பினால் அது தட்டி மாறும். அந்த ரிலேயின் வில் தளர்ந்தோ இறுகியோ போனால், திசை மாற வேண்டிய நொடியில் எஞ்சின் ஆட்டுக்கிடா போல் ஒரு துள்ளுத் துள்ளும். ஒரு பலவீனத்தை ஒழித்தவர்கள் இன்னொன்றை விலைக்கு வாங்கினார்கள். மெர்க்லின் அன்பர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை.

மோட்டாரைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தால் இன்னொரு பெரிய கொலையாளி தப்பிவிடும். இக்காலத்து எஞ்சின்களின் சக்கரங்கள், அடிச்சட்டம், சிலவற்றில் உடல் ஆகியவை துத்தநாகக் கலவையில் வார்க்கப்பட்டவை. அமெரிக்காவின் நியூ ஜெர்சி துத்தநாக நிறுவனம் 1929இல் 'ஜமாக்' கலவைகளை அறிமுகப்படுத்தியபோது, துத்தநாகம் மிகத் தூய்மையாக இருக்க வேண்டும் என்பது அடிப்படை நிபந்தனை. கலவையில் இம்மியளவு காரீயம் கலந்துவிட்டாலும் போதும். உலோகத்தின் மணிகளுக்கு இடையே அரிப்பு ஊர்ந்து, வார்ப்பு வீங்கி, விரிசல் விட்டு, கடைசியில் பிஸ்கட் போல் பொடியும். வெளியே பூசிய வண்ணம் இதைத் தடுக்காது. துடைப்பதும் எண்ணெயிடுவதும் தடுக்காது. ஈரமும் வெப்பமும் விரைவுபடுத்தும். தொடங்கிய பின் மருந்தில்லை. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய வார்ப்புகளில் இந்நோய் மிகுதி. அடிச்சட்டம் ஒரு மில்லிமீட்டரில் ஒரு பங்கு வீங்கினாலும் அச்சுகள் ஒன்றையொன்று விட்டு விலகும், வார்ம் கியரின் பல் சரியாகக் கவ்வாது, எந்தக் குற்றமும் செய்யாத மோட்டார் மூச்சுத் திணறும்.

இதில் ஓர் ஆய்வுநெறிப் பாடமும் இருக்கிறது. காரீயம் கலந்த வார்ப்புகள் பொடிந்து குப்பைக்குப் போய்விட்டன. சுருள் கருகியவற்றை வீட்டார் தூக்கி எறிந்துவிட்டனர். எஞ்சியவையே ஏலத்துக்கும் கண்காட்சிக்கும் வருகின்றன. அவற்றைப் பார்த்தே "அந்தக் காலத்துச் சாமான்" என்ற பெருமூச்சு எழுகிறது. இரண்டாம் உலகப் போரின்போது, குண்டடிபட்டுத் திரும்பி வந்த விமானங்களை மட்டும் பார்த்து எங்கே கவசம் பூட்டுவது என்று தீர்மானிக்கக் கூடாது. திரும்பாதவற்றையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்று புள்ளியியலாளர் ஆபிரகாம் வால்ட் காட்டினார். பரணிலிருந்து இறங்கும் எஞ்சின்களும் திரும்பி வந்த விமானங்களே. எத்தனை விற்றன, எத்தனை ஓடுகின்றன என்ற விகிதம் தெரியாமல் நம்பகத்தைப் பற்றிச் சொல்லப்படும் எதுவும் அன்பின் மொழியே அன்றி அளவையின் மொழி அன்று. அன்பின் மொழியைக் குறைத்து மதிப்பதற்கில்லை. ஆனால் இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது.

தளர்ந்த காந்தத்தை என்ன செய்வது என்பதில் இன்று இரு கட்சிகள் உண்டு. மோட்டாரைப் பிரிக்காமல் முழுதாக ஒரு வலிய மின்காந்தத்தின் துருவங்களுக்கிடையே வைத்து, அந்த அல்னிகோவையே மீண்டும் காந்தமேற்றுவது ஒரு வழி. வேறொன்று, பழைய காந்தத்தை அகற்றி, அந்த இடத்தில் சிறு நியோடிமியம் காந்தங்களை இரும்புத் துண்டுகளோடு செருகுவது. நியோடிமியம் காந்தம் 1980களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாதோ சகாவாவாலும், அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆய்வாளர்களாலும் தனித்தனியே உருவாக்கப்பட்டது. விலை குறைவு, வேலை எளிது, மின்சாரமும் கணிசமாகக் குறைகிறது. சுருள் குளிர்ந்தே இருக்கிறது. ஆனால், எஞ்சின் மாறிவிடுகிறது. உச்ச வேகம் தணிகிறது. புலம் மிகையானால் ஆர்மேச்சரின் கைகள் துருவங்களில் பற்றிப் பற்றி விடுவதால் மெதுவோட்டத்தில் தயங்கித் தயங்கி நகர்கிறது. எந்தச் சத்தத்தைக் கேட்பதற்காக அந்தக் குடும்பம் அதைப் பரணிலிருந்து இறக்கியதோ, அந்தச் சத்தமும் சற்று வேறாகிவிடுகிறது.

முதல் வழியே மேல் என்று தோன்றுகிறது, கருவி கைக்கெட்டுமானால். எட்டாதபோது நியோடிமியத்தைக் குறை சொல்ல முடியாது. ஓடாமல் கண்ணாடிப் பெட்டியில் இருத்துவதே பாதுகாப்பு என்பாரும் உளர். ஆனால் ஓடாத மோட்டாரில் எண்ணெய் பிசினாகிறது, பிரஷ் ஒட்டிக்கொள்கிறது. பிரைட்டன் ரயில் நிலையத்தின் அடியில் இயங்கும் பொம்மை அருங்காட்சியகம், பழைய ரயில்களைக் குறிப்பிட்ட சில நாள்களில் ஓட்டியே காட்டுகிறது. தேய்மானத்தைத் தெரிந்தே ஏற்கும் முடிவு அது. பொம்மை ஓடுவதற்காகச் செய்யப்பட்டது என்பதையும் ஓர் ஆவணமாகக் கருதினால், அந்த முடிவை மறுப்பது கடினம்.

எந்தக் கட்சியைச் சேர்ந்தவராயினும் செய்யக்கூடிய எளிய காரியம் ஒன்று இருக்கிறது. கழற்றிய மூலக்காந்தத்தைத் தூக்கி எறியாமல், துருவங்களுக்குக் குறுக்கே இரும்புத் துண்டு ஒன்றை ஒட்டவைத்து, எஞ்சினின் பெட்டியிலேயே போட்டு வைக்கலாம். கூடவே ஒரு தாளில், காந்தம் எந்த ஆண்டு மாற்றப்பட்டது, மாற்றுமுன் சுமையோடு எத்தனை ஆம்பியர் இழுத்தது, மாற்றிய பின் எத்தனை என்று இரண்டு வரி எழுதலாம். ஏலத்துக்கு வரும் பெட்டிகளில் மூல விலைச்சீட்டும் எண்ணெயிடும் முறை அச்சிட்ட தாளும் எப்படியோ தங்கிவிடுகின்றன. இந்த இரண்டு வரிகள் மட்டும் அநேகமாக எந்தப் பெட்டியிலும் இருப்பதில்லை.